முருங்கையைக் கழிக்கலாமா, வேண்டாமா? ஐப்பசியில் இருவரின் தோட்டம்!

ஐப்பசி பிறந்தால் போதும், கடலூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு சின்னச் சண்டை ஆரம்பித்துவிடும்.

“முருங்கையைக் கழிச்சுடலாம்” என்பார் வீட்டுக்காரர். “இப்பதான் பூ விட்டிருக்கு, கை வைக்காதீங்க” என்பார் வீட்டம்மா. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். வீட்டில் மிச்சம் இவர்கள் இருவரும் அந்த மரமும்தான்.

உண்மையில் நியாயம் வீட்டுக்காரர் பக்கம்தான். முருங்கை மரம் உறுதியில்லாதது. மழையில் நனைந்து கனத்த கிளை, காற்று அடித்தால் ஓட்டின் மீதோ மின்கம்பியின் மீதோதான் முறிந்து விழும். ‘தானே’ புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. விழுந்த பலாவுக்குப் பதில் கன்று வைத்தால், பழம் பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். முருங்கை அப்படியில்லை. வெட்டினால் சில வாரங்களில் துளிர்த்துவிடும். மழைக்காலத்தில் தண்டெல்லாம் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சித் தொல்லையும் குறையும்.

ஆனால், வீட்டுக்காரர் மரத்தில் ஏறக் கூடாது. அந்த விஷயத்தில் வீட்டம்மா சொல்வதே சட்டம்! முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது. தரையில் நின்று துரட்டியால் எட்டுவதை மட்டும் இழுக்கலாம். மற்றதற்கு ஆள் வைத்துக்கொள்வதே நல்லது. கம்பி பக்கத்தில் இருந்தால் துரட்டியும் வேண்டாம். வெட்டுவாய் சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்கி அழுகாது. கழித்த போத்தில் இரண்டை வேலியோரம் நட்டுவிடலாம். கீரை கூடை கூடையாகக் கிடைக்கும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக, அன்று சாயங்காலம் முருங்கைக்கீரை அடை. அதோடு சண்டையும் முடிந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் காலம் என்றார்கள். மேல்நாடுகளில் இலை உதிர்கிற அதே மாதங்களில் இங்கே எல்லாமே பச்சை பிடிக்கும். மழை ஒன்றுதான் என்றாலும் மண் ஒன்றல்ல. கடலூரில் கடலையொட்டிய தெருக்களில் மணல். பெய்த தண்ணீர் உடனே உள்ளே போய்விடும், போட்ட உரத்தையும் கூடவே கொண்டுபோய்விடும். அங்கே எருவைக் கொஞ்சம் கொஞ்சமாக, மழை விட்ட நாள்களில் போட வேண்டும். ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளி சிதம்பரத்தில் களிமண். தண்ணீர் தேங்கினால் கத்தரி, மிளகாயின் வேர் அழுகிவிடும். ஒரு முழம் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வாய்க்கால் எடுத்துவிட்டால் செடி பிழைக்கும்.

கீரை விதையை இந்த வாரம் தூவ வேண்டாம். ஒரே அடைமழையில் விதை மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். ஆடியில் போட்ட அவரைக்குப் பந்தலை இறுக்கிக் கட்டுவதும், குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுப்பதும்தான் இப்போது அவசரம்.

இன்னொரு வேலையும் உண்டு. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, கொட்டாங்கச்சி, பழைய பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். குனிய முடியாதவர் டார்ச் அடிக்கட்டும், முடிந்தவர் கவிழ்க்கட்டும்.

வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே வேலை இல்லை. செடியில் நாலு கத்தரிக்காய் இருந்தால் சிதம்பரம் கொத்சுதான். நடராஜர் கோயிலில் சம்பா சாதத்தோடு நைவேத்தியமாகும் அதே கொத்சு. மல்லியையும் காய்ந்த மிளகாயையும் வறுத்து ஒருவர் பொடிக்க, கத்தரிக்காயை நல்லெண்ணெயில் மற்றவர் வதக்கலாம். குழைய வதங்கியதும் மசித்து, புளிக்கரைசல் விட்டு, பொடி சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை கொதிக்கவிட வேண்டும். கோயில் முறையில் வெங்காயம் கிடையாது. வீட்டில் சின்ன வெங்காயம் சேர்ப்பவர்களும் உண்டு. கழித்த முருங்கை துளிர்க்கும் வரைக்கும் சண்டை போட அது போதும்!