பிறப்பு கூடியதா, முந்தியதா?

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஏழைகளுக்கு 1956-லேயே ரொக்கம் கொடுத்த அரசு சென்னை மாநில அரசு. அதே மண்ணில் 2024 அக்டோபரில், மக்கள்தொகை குறைந்தால் மக்களவைத் தொகுதிகளும் குறையலாம் என்ற தொகுதி மறுவரையறைக் கவலையைக் குறிப்பிட்டுப் ‘பதினாறு பிள்ளைகள்’ பற்றி முதல்வர் மு.க. ஸ்டாலின் பேசினார். தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைதான் என்றது 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கு. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

பணம் கொடுத்தால் பிறப்பு கூடுமா? ஸ்வீடன் 1980-களில், அடுத்த குழந்தையைச் சீக்கிரம் பெற்றவர்களுக்கு விடுப்பு ஊதியம் குறையாமல் பார்த்துக்கொண்டது. 1990-இல் அங்கே ஒரு பெண்ணுக்கான பிறப்பு விகிதம் 2.1-ஐத் தொட்டது, 1999-இல் 1.5-க்கு இறங்கியது. எப்படியும் பெறவிருந்த குழந்தையைப் பலர் முன்கூட்டியே பெற்றார்கள், அவ்வளவுதான். அந்தத் தலைமுறைப் பெண்கள் வாழ்நாளில் பெற்றது சராசரி இரண்டை ஒட்டியே நின்றது. ஹங்கேரியிலும் வரிச்சலுகை, வீட்டுக்கடன் என்று வாரி வழங்கினார்கள். 2021-இல் 1.6-ஐ நெருங்கிய விகிதம் 2024-இல் 1.4-க்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே ஓராண்டுப் பிறப்புக் கணக்கை வைத்து எந்தத் திட்டத்தையும் வெற்றி என்று கொண்டாடக் கூடாது. அந்தப் பெண்கள் நாற்பதைத் தாண்டியபின் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

வடசென்னை ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வரும் ஏழைத் தாய்மார்களுக்கு உரிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியை, 18,000 ரூபாயை, இந்த அளவுகோலில் வைக்கவே கூடாது. முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமான அந்த உதவி தாயின் சத்துக்கும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலிக்கும் ஈடு.

வடசென்னையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். கூடையோடு போகும் பெண் கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? அங்கன்வாடி அந்த நேரத்தில் திறந்திருக்காது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார ஊதிய விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. மீன் விற்பவருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் இரண்டும் எட்டாது. எண்ணூரில் இதோடு காற்றும் ஒரு கவலை. அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் கசிந்த எண்ணெயும் அம்மோனியாவும் அங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்கு மறக்கக்கூடியவை அல்ல.

பரிசுத்தொகை அறிவிக்குமுன், விடியுமுன் திறக்கும் ஒரு காப்பகத்தைக் காசிமேட்டில் அரசு தொடங்கட்டும். பிறப்பு விகிதம் கூடாமலே போனாலும், பிறந்த குழந்தைக்கு அது உதவும்.