மெல்ல மலரும் கதைகள்

காதல் கதை என்றதும் நம்மில் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பர். பெரியவர்களோ முகம் சுளிப்பர். "படிக்கிற பிள்ளைக்கு நாவல் எதுக்கு?" என்ற கேள்வி எழாத வீடு அரிது. ஆயினும், கற்பனை உலகிலும் பழங்கால அரண்மனையிலும் மெல்ல மெல்ல மலரும் அன்பைக் கூறும் கதைகள் நம்மை இவ்வளவு ஈர்ப்பதன் காரணம் ஆராயத்தக்கது. அன்புத் தோழியரே, எனக்குத் தெரிந்த அளவில் அதனை விளக்க முயல்கிறேன்.

இத்தகைய கதையைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. குமரிமுனைக் கன்னி தேவிக்கும் சுசீந்திரத்து இறைவனுக்கும் நடக்கவிருந்த திருமணத்தை நம் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நள்ளிரவில் முகூர்த்தம். மணமகன் புறப்பட்டு வழுக்கம்பாறை வரை வந்துவிட்டார். பாணாசுரனைக் கன்னிப் பெண் ஒருத்தியால்தான் கொல்ல முடியும். ஆகவே திருமணம் நடக்கலாகாது என்று நாரதர் சேவலாகக் கூவினாராம். விடிந்துவிட்டதென எண்ணி மணமகன் திரும்பினார். சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாயின. கடற்கரையில் பல நிறங்களில் விற்கும் மணல் அதுதான் என்பர். (கார்னெட், இல்மனைட் என்னும் கனிமங்களே அந்த நிறத்துக்குக் காரணம் என்கிறது அறிவியல். கதைக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.) இரண்டு ஊர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களே. அந்தச் சிறு தூரம் கடக்கப்படாமல் நிற்பதுதான் கதையின் உயிர். அன்று தாலி கட்டி முடிந்திருந்தால் இதனை இவ்வளவு ஆவலுடன் சொல்லிக்கொண்டிருப்போமா?

காத்திருத்தலின் சுவையைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர். முல்லைத் திணைக்கு உரிப்பொருளே 'இருத்தல்' அல்லவா? மழைக்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவனை எதிர்நோக்கி இருப்பதற்கென்றே ஒரு தனி நிலத்தை ஒதுக்கி வைத்தது நம் இலக்கியம்.

இச்சுவையை வாரப் பத்திரிகையில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கல்கி. 'பார்த்திபன் கனவு' 1941-இல் தொடராக வரத் தொடங்கியது. அதில் சோழ இளவரசன் விக்கிரமன் கைதியாகக் கொண்டு செல்லப்படும்போது, பல்லக்கில் வரும் குந்தவியின் கண்களைக் காண்கிறான். அவ்வளவே! பிறகு அவன் கடல் கடந்து நாடு கடத்தப்படுகிறான். பக்கங்கள் பல நகர்கின்றன. ஒரு பார்வையை வைத்துக்கொண்டு வாசகரை இத்தனை காலம் கட்டிப்போடுவது எளிய காரியமா? அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகரும் அக்காதலரோடு சேர்ந்து காத்திருந்தனர் எனலாம். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த பாட்டிமார் பலர் உண்டு.

1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' இன்னும் நிதானமானது. ஐந்து பாகங்கள் முடிந்தும் வந்தியத்தேவன், குந்தவை திருமணத்தைக் கல்கி நமக்குக் காட்டவில்லை. ஆனால் அந்த நீண்ட வழியில் பெண்கள் வளர்கின்றனர். எதற்கெடுத்தாலும் மயங்கி விழும் வானதி, சோழ சிங்காசனத்தில் அமரமாட்டேன் என்று சபதம் செய்யும் அளவுக்கு உறுதி பெறுகிறாள். கோடிக்கரையின் ஓடக்காரப் பெண் பூங்குழலியோ, புயற்கடலில் தனியே படகு செலுத்துபவள். தன் மனத்தைத் தானே கேட்டுத் தெளிகிறாள்.

இதுவே இக்கதைகளின் முக்கிய ஈர்ப்பு என்பது என் கருத்து. இங்கே பெண்ணுக்கு நேரம் கிடைக்கிறது. பிரெஞ்சு ஆசிரியையான லெப்ரின்ஸ் தெ போமோன் சிறுமியருக்காக 1756-இல் சுருக்கி எழுதிய 'அழகியும் மிருகமும்' கதையை எண்ணிப் பாருங்கள். மிருகம் இரவு உணவு வேளையில் வந்து, "என்னை மணந்துகொள்வாயா?" என்று கேட்கிறது. அவள் மாட்டேன் என்கிறாள். அது பெருமூச்சு விட்டுப் போய்விடுகிறது, மறுநாளும் வருகிறது. இப்படியே மூன்று மாதம்! சிறைப்பட்ட மாளிகையிலும் 'மாட்டேன்' என்ற அவள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. அதனால்தான் பின்னர் அவள் சொல்லும் 'சரி' இனிக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பெண் பார்க்க வருவார்கள். காப்பியும் பலகாரமும் தீர்வதற்குள் முடிவு செய்ய வேண்டும். என் உறவுக்கார அக்கா ஒருத்தியை அடுக்களை வாசலில் நிறுத்தி, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம், "எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கும்போ தலைய ஆட்டாம பின்ன என்ன செய்ய?" என்றாள். அவள் தையற் பெட்டிக்கு அடியில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப் போவார்கள் என்போர் அந்த அரை மணி நேரத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மெதுவாகச் செல்லும் எல்லாக் கதையும் இனிமையாகவே முடியும் என்பதில்லை. 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமி வாதாபியில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மீண்டால், மாமல்லருக்கு வேறு மணம் ஆகியிருக்கிறது. அவள் தன்னை ஏகாம்பரநாதருக்கே அர்ப்பணித்துவிடுகிறாள். எனக்கு அம்முடிவு பிடிக்கவே இல்லை. சிறந்த முடிவு என்று சொல்லும் தோழியருடன் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவற்றைப் படிக்க விரும்புவோர் அளவில் சிறிய 'பார்த்திபன் கனவி'லிருந்து தொடங்கலாம். நம் நாஞ்சில் நாட்டையே களமாகக் கொண்ட கதை வேண்டுமெனில் நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி' உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிடுகின்றன. 'பொன்னியின் செல்வ'னை மட்டும் பொதுத்தேர்வு முடிந்து வரும் கோடை விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். தொடங்கிவிட்டால் கணக்குப் புத்தகம் கண்ணில் படாது.

– பத்தாம் வகுப்பு மாணவி