ஓய்ந்து நிற்கும் உழவு எஞ்சின்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் முன்னோர் மொழி. பட்டம் தவறினால் விளைச்சல் தவறும் என்பதை உழவர் குடியிற் பிறந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றின. 1970-இல் தோன்றிய சிட்கோ நிறுவனம் புதிய நகரை அமைக்கத் தொடங்கிற்று. 1992-இல் மின்சார ரயில் தாணே கழிமுகத்தைக் கடந்து வாசிக்கு வந்தது. அதன் பின்னர் நம்மவர் பலர் சான்பாடாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வீடு கொண்டனர். ஆயினும் ஊரிலுள்ள அரை ஏக்கர் நிலத்தையும், நாலைந்து தென்னைகளையும், கிணற்றடிக் காய்கறிப் பாத்தியையும் முற்றிலும் மறந்தார் ஒருவருமிலர்.

அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில், முதுமை எய்திய தாய்தந்தையரின் உடலுழைப்பைக் குறைக்கக் கருதி வாங்கிய சிறு உழவு இயந்திரம் ஒன்று இருக்கும். இதனைப் பவர் டில்லர் என்றும் வீடர் என்றும் ஊரில் அழைப்பர். ஆண்டில் பதினொரு மாதம் அது மாட்டுக் கொட்டிலில் கோணி போர்த்தி நிற்கும். விடுமுறைக்குச் செல்லும் மகன் கயிற்றை இழுத்துப் பார்ப்பான். எஞ்சின் வாய் திறவாது. “இதற்கு உயிர் போய்விட்டது, எடைக்குப் போடுங்கள்” என்று ஒருவர் அறிவுரை கூறுவார். பெரிய டிராக்டர் நுழைய முடியாத துண்டு நிலத்தில், அந்தச் சிறு இயந்திரம் போய்விட்டால் உழவும் போய்விடும். ஆகவே, அது மெய்யாகவே மாண்டதா, அன்றி உறங்குகின்றதா என்பதை ஆராய்ந்து முடிவு செய்தல் நலம். பெரும்பாலும் அது உறங்கவே செய்கின்றது.

இயந்திரம் வந்த கதை

சுழலும் கொத்துக் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவியை 1912-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்னும் இளைஞர் ஆராயத் தொடங்கினார்; 1922-இல் அதனைச் செய்து விற்கத் தொழிற்சாலையும் நிறுவினார். நம் நாட்டில் 1967-இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானிய மிட்சுபிஷியின் கூட்டுறவோடு தோன்றிற்று. 1973-இல் கேரள அரசின் காம்கோ நிறுவனம் தோன்றிற்று. இவை இரண்டும் டீசலில் ஓடும் பெரிய டில்லர்களை நாடெங்கும் பரப்பின. தோட்டத்திற்கு ஏற்ற சிறிய பெட்ரோல் டில்லர்கள் பின்னரே பரவின. அவற்றின் எஞ்சின் ஒரே சிலிண்டர் உடையது, காற்றால் குளிர்வது. கடைவாசலில் முழங்கும் சிறு ஜெனரேட்டரிலும், நீர் இறைக்கும் பம்பிலும் இருப்பது பெரும்பாலும் இவ்வினமே. ஆதலின் இதனை அறிந்தோர்க்கு ஊரிலும் நகரிலும் பயன் உண்டு.

மூன்று கேள்விகள்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: உரிய அளவில் எரிபொருளும் காற்றும், உரிய நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம். மூன்றும் இருப்பின் ஓடாதிருத்தல் இயலாது. எது இல்லை என்பதை ஒவ்வொன்றாகத் தேடுவதே மெக்கானிக்கின் கலை. ஒரே நாளில் அனைத்தையும் கழற்றிப் போடுதல் கலையன்று.

அதற்கு முன் எளியவற்றைப் பார்க்க வேண்டும். சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் உள்ளதா? பெட்ரோல் குழாயின் திருகு திறந்துள்ளதா? எண்ணெய் போதிய அளவு உண்டா? சில எஞ்சின்களில் எண்ணெய் குறைந்தால் தீப்பொறியையே தடுத்து நிறுத்தும் காவல் அமைப்பு உண்டு. அதனை அறியாதார் நல்ல எஞ்சினைப் பழுதென்று கருதி வீண் செலவு செய்வர்.

எரிபொருள்

நின்றுபோன எஞ்சின்களில் மிகுதியானவற்றின் நோய் பழைய பெட்ரோலே. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது; 2025-இல் நம் நாட்டில் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டிற்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். பழைய கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் அது ஊறச் செய்து கெடுக்கும். மும்பையின் மழைக்காலத்தை நாம் அறிவோம்; பொருநைக் கரையில் ஈரம் குறைவாயினும், மாதக்கணக்கில் மூடி வைத்த பெட்ரோல் பிசினாக மாறிச் சிறு துளைகளை அடைப்பதில் ஐயமில்லை.

சோக்கை இழுத்தால் மட்டும் எஞ்சின் ஓடி, தள்ளினால் நின்றுவிடுமாயின், கார்புரேட்டரின் மெயின் ஜெட் அடைபட்டது என்பதற்கு அதுவே சான்று. முதலில் பழைய பெட்ரோலை முழுதும் வடித்துவிடுக. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுக. அதில் வெண்மையோ பச்சையோ கலந்த படிவு இருப்பதைக் காணலாம். கழுவும் திரவத்தில் ஜெட்டை ஊறவிட்டு, மின்கம்பியிலிருந்து பிரித்த மெல்லிய செம்பு இழையைத் துளையில் நுழைத்துத் துடைக்க வேண்டும். எஃகு ஊசியை நுழைத்தல் கூடாது. துளை விரிந்தால் பெட்ரோல் மிகுந்து பாயும். அதன்பின் புது ஜெட் வாங்கும் நிலை நேரும். கிண்ணத்தில் மிதக்கும் மிதவையும் அதன் ஊசியும் தடையின்றி அசைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தீப்பொறி

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் உடல்நிலை தெரியும். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். கரிபடர்ந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்றுவடி அடைப்பு. எண்ணெய் படிந்து ஈரமாயிருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். முனைகளுக்கிடையே இடைவெளி பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை.

பிளக்கை வயரோடு இணைத்து, அதன் உலோக உடலை எஞ்சின்மேல் படியவைத்துக் கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி தோன்ற வேண்டும். இதனைச் செய்யுமுன் பெட்ரோல் சிந்தியதைத் துடைத்துவிட வேண்டும். பிளக் துளைக்கு அருகே வைத்துச் சோதித்தல் ஆகாது, தீ பற்றும். மிகப் பழைய எஞ்சின்களில் ஃப்ளைவீலின் அடியில் ‘பாயிண்ட்’ உண்டு. நெடுநாள் நின்றால் அதன் முகத்தில் துரு படரும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூய துணியால் துடைத்து, எஞ்சினைப் பொறுத்து 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைத்தால் பொறி மீளும். பிற்கால எஞ்சின்களில் மின்னணுச் சுருள் உள்ளது. அது கெட்டால் மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

அழுத்தம்

கயிற்றை இழுக்கையில் கைக்கு எதிர்ப்பே இல்லையெனில் அழுத்தம் குன்றியதென்க. சில எஞ்சின்களில் எளிதாகத் தொடங்குவதற்கென்றே அழுத்தம் குறைக்கும் அமைப்பு உண்டு. அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. கூடாவிடின் வால்வில் குற்றம். பிசினால் வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொள்வதுண்டு. இதுவரை வந்தால் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

உழவு இயந்திரத்திற்கே உரிய குறை மற்றொன்றும் உளது. கத்தி கல்லிலோ வேரிலோ மோதி எஞ்சின் சட்டென நின்றால், ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு ‘கீ’ வெட்டுப்படலாம். அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தால் ஆனது. தண்டைக் காக்கத் தான் அழிவது. கீ வெட்டுப்பட்டால் தீப்பொறி நேரம் பிசகும். பெட்ரோலும் பொறியும் நன்றாயிருந்தும் கயிறு கையைத் திருப்பி அடிக்கும். சில ரூபாய் மதிப்புள்ள கீயை மாற்றினால் போதும். எஞ்சினையே மாற்றச் சொல்வோரை நம்ப வேண்டா.

பழுது நேராமல் காத்தல்

தோட்டப் புழுதியே இவ்வெஞ்சினின் முதற் பகை. காற்றுவடியை அடிக்கடி தூய்மை செய்யாவிடில், மணல் சிலிண்டருக்குள் புகுந்து உப்புத்தாள் போல் தேய்க்கும். சிலிண்டரைச் சுற்றியுள்ள இறகுகளில் மண் அடைந்தால் வெப்பம் மிகும். எண்ணெயைப் புது எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 50 முதல் 100 மணிக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கம்.

ஊரை விட்டுப் புறப்படுமுன் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுக. பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிறு இறுகும் இடத்தில் நிறுத்தினால் வால்வுகள் மூடியிருக்கும்; ஈரம் உட்புகாது.

உயிருக்கு ஊறு நேராதிருக்க இரு விதிகள் உள. கத்தியைத் தொடுமுன் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். மூடிய கொட்டிலில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, ஆளை அறியாமலே கொல்வது.

பழுது பார்ப்பதா, விற்பதா?

சிலிண்டர் பிளந்தாலோ தண்டு வளைந்தாலோ விடைகொடுப்பதே நன்று. ஏனைய குறைகளுக்குப் பொருள் கிடைக்கும். மும்பையின் நாக்தேவி தெருவில் பேரிங், பெல்ட், எஞ்சின் உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகள் நெருங்கியுள்ளன. பழைய பாகத்தையும், எஞ்சின் உடலில் பொறித்த எண்ணையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். ஊருக்குச் செல்லும் பையில் ஒரு கார்புரேட்டர் கேஸ்கெட், ஒரு பிளக், ஒரு ஃப்ளைவீல் கீ ஆகியவற்றையும் வைத்துக்கொண்டால், விடுமுறை நாள் கடை தேடி வீணாகாது.

பெரும்படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பை நம்பியவரல்லர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்தும் கூட்டியும் எஞ்சினைக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். கையும் கண்ணும் ஒருங்கே உழைத்தால் எந்திரம் ஆசானாகும்.

நம் பிள்ளைகள் சான்பாடாவின் அடுக்ககங்களில் வளர்கின்றனர். மண்ணின் மணத்தை விடுமுறையில் மட்டும் அறிவர். அவ்விடுமுறையில் தாத்தாவின் டில்லரை அவரோடு அமர்ந்து பிரித்துக் கழுவிப் பூட்டிய பிள்ளைக்கு, அந்நிலம் அயலார் நிலமாகத் தோன்றாது. நிலத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சு எழும்போது, அது ஓடுகின்றதா என்பதும் ஒரு வாதமாகும். ஆகவே, வரும் ஆடிக்கு முன் கோணியை நீக்கிப் பாருங்கள். முதலில் பழைய பெட்ரோலை வடியுங்கள்.