எஃப்.சி. சோதனையில் தவறிவிட்டதா? மறுசோதனைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

‘எஃப்.சி. காட்டப் போனேன், ஃபெயில் பண்ணிட்டாங்க.’ ஆட்டோ, டாக்சி, சரக்கு வண்டி ஓட்டுபவர்கள் பலரும் ஒருநாள் சொல்ல நேரும் வார்த்தை இது. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அந்த அவசரத்தில் நாம் செய்வது என்ன? நேராக வொர்க்‌ஷாப்புக்குப் போய், ‘எஃப்.சி. வேலை பாத்துக் குடுங்க’ என்று விட்டுவிடுகிறோம். டிங்கரிங், பெயிண்ட், பாலிஷ் எல்லாம் முடிந்து வண்டி புதுசு மாதிரி வரும். ஆனால் முதல் முறை தவறியது பிரேக்கில் என்றால், பெயிண்ட் எப்படிக் காப்பாற்றும்?

மறுசோதனைக்குத் தயாராவது என்றால் வண்டியை அழகாக்குவது அல்ல. தாளில் எழுதிய குறையை வேரோடு சரிசெய்து, அது சரியாகிவிட்டதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

‘பிரேக் சரியில்லை, போய் சரி பண்ணிட்டு வா’ என்று வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 56-ஆம் பிரிவு, தகுதிச் சான்று மறுக்கப்பட்டால் அதற்கான காரணங்களை உரிமையாளருக்கு எழுத்தில் தர வேண்டும் என்கிறது. இது உங்கள் உரிமை. சோதனை அறிக்கையில் எந்த வரிசையில் ‘ஃபெயில்’ என்று இருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், அதாவது நாம் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று சொல்பவரிடம், தயங்காமல் கேளுங்கள்: ‘சார், எந்தச் சக்கரம்? எந்த விளக்கு?’

அந்தத் தாளை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேலைக்கு விலை பேசுவதும் அந்தத் தாளை வைத்துத்தான். தாளில் இல்லாத வேலைக்கு ஐயாயிரம் செலவழித்துவிட்டு, தாளில் உள்ள வேலைக்குக் காசு போதாமல் நிற்கக் கூடாது பாருங்கள்.

அதுவரை வண்டியை எடுக்கலாமா?

எஃப்.சி. காலாவதியாகியிருந்தால் எடுக்கக் கூடாது. அதே 56-ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் செல்லத்தக்க பதிவு இல்லாத வாகனமாகவே கருதப்படும். சட்டத்தின் 192-ஆம் பிரிவில் இதற்கு முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

‘ஊருக்குள்ளதானே ஓட்டுறேன்’ என்ற சமாதானம் புதுச்சேரிக்குப் பொருந்தவே பொருந்தாது. முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், கோரிமேட்டைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். ஒரே சவாரியில் இரண்டு எல்லைகளைக் கடந்துவிடுவோம். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் வண்டி எண்ணைப் போட்டதும் வாகன் தரவுத்தளத்தில் எஃப்.சி. தேதி தெரிந்துவிடும். அபராதத்தைவிடப் பெரிய கவலை விபத்து. எஃப்.சி. இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டலாம். இழப்பீட்டுச் சுமை உங்கள் தலையில் விழக்கூடும்.

பழைய சான்றில் இன்னும் நாள் இருந்தாலும், தாளில் பிரேக் அல்லது ஸ்டீயரிங் குறை என்று இருந்தால் ஆளையோ சரக்கையோ ஏற்றாதீர்கள். வொர்க்‌ஷாப்புக்கு டோ செய்து கொண்டுபோவதே நல்லது.

குறையின் வேரைப் பாருங்கள்

பிரேக்: ‘டைட் பண்ணிட்டேன்’ என்றால் போதாது. பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அப்படியென்றால் ஒரு சக்கரத்தில் பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம், வீல் சிலிண்டர் கசியலாம், அல்லது டிரம்மில் எண்ணெய் படிந்திருக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, காற்று எங்கிருந்து புகுந்தது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சோதனை நாளன்று மறுபடி அதே கதைதான். கைபிரேக்கை மேட்டில் நிறுத்திப் பாருங்கள். தானியங்கி நிலையத்தில் சோதனை என்றால் சக்கரங்களை ரோலர் மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் எந்திரமே அளந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பிரேக் அங்கே மறைக்க முடியாத குறை.

ஸ்டீயரிங்: சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் அது ‘பிளே’. டை ராடு எண்ட், கிங் பின் போன்றவை தேய்ந்திருக்கும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மெக்கானிக்கை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

விளக்குகள்: பல்பு மாற்றியும் எரியவில்லையா? இங்கே கடல் காற்று ஒரு தனிச் சிக்கல். உப்பு படிந்து எர்த் இணைப்பும் ஹோல்டரும் துருப்பிடிக்கும். சுரண்டிச் சுத்தம் செய்தால்தான் விளக்கு நிலையாக எரியும். ஹெட்லைட் எரிந்தால் மட்டும் போதாது, ஒளி சரியான உயரத்தில் விழ வேண்டும். சமதரையில் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, இரண்டு ஒளியும் ஒரே உயரத்தில் விழுகிறதா, டிம் செய்தால் கீழே இறங்குகிறதா என்று இரவில் பாருங்கள்.

டயர்: பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கார் டயர் என்றால் அது 1.6 மில்லிமீட்டர் ஆழம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை என்று பொருள். டயரை மட்டும் மாற்றினால் புதிய டயரும் அப்படியே தேயும்.

புகை: புகையில் தவறினால் உடனே வேறு மையத்தைத் தேடி ஓடாதீர்கள். ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில், டீசல் வண்டியில் நாசில், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக், இவற்றை முதலில் பாருங்கள். எரிபொருளும் மிச்சமாகும். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றும் கையில் இருக்கட்டும்.

சின்னதாகத் தெரிபவை: ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பல ராகம் பாடும் ஹாரன் கூடாது. வைப்பர், கண்ணாடி, வேகமானி வேலை செய்ய வேண்டும். ஆர்.சி.யில் இல்லாத கூடுதல் இருக்கை, நீட்டிய பாடி போன்றவை இருந்தால் கழற்றிவிடுங்கள். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

சேசிஸ் எண்: துரு ஏறி எண் தெரியவில்லை என்றால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாளோ கிரைண்டரோ வேண்டாம். எண் அழிந்துபோனால், எஃப்.சி. பிரச்சினை அதைவிடப் பெரிய பிரச்சினையாகிவிடும்.

பழைய உதிரிபாகங்களை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். பில்லையும் வாங்குங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி.

போனிலேயே மறு விண்ணப்பம்

பரிவாகன் தளத்தில் வாகனச் சேவைகளுக்குள் போய், மாநிலப் பட்டியலில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுங்கள். வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளையும் கேட்கும். சோதனையில் தவறியவர்களுக்கு ‘ரீ-அப்ளை ஆஃப்டர் ஃபிட்னஸ் ஃபெயில்ட்’ என்று தனிச் சேவை இருக்கிறது. புதிதாக எஃப்.சி. விண்ணப்பம் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், இதைத் தேர்ந்தெடுங்கள். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகிறதென்றால் முதலில் மொபைல் எண்ணைப் புதுப்பிக்க வேண்டும். இதை முன்கூட்டியே பாத்துக்கோங்க.

திரையில் காட்டும் கட்டணத்தை ஆன்லைனில் செலுத்தி, ரசீதைச் சேமித்து வையுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டண அட்டவணையில், சான்று காலாவதியான பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. அதனால் வேலையை இழுக்காதீர்கள். அதற்காக வேலை முடியும் முன்பே ஸ்லாட்டையும் எடுக்காதீர்கள். வேலை முடியும் தேதியை மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொண்டு, அதன்பின் ஒரு நாள் இடைவெளி விட்டு ஸ்லாட் எடுங்கள். அந்த ஒரு நாள் வண்டியைச் சோதித்துப் பார்க்க.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஆர்.டி.ஓ. செலான்’, ‘எஃப்.சி. நிலவரம்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்காதீர்கள். அது உங்கள் வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் வேலை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ‘நான் பாஸ் பண்ணித் தரேன்’ என்று வரும் புரோக்கரிடமும் பணம் தராதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு செட் பிரேக் ஷூ வாங்கிவிடலாம்.

முதல் நாள் இரவு

ஆள் துணை இல்லாமலே விளக்குகளைச் சோதிக்கலாம். போனை வண்டிக்குப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து பிரேக், இரண்டு இண்டிகேட்டர், ரிவர்ஸ், பார்க்கிங் விளக்கு எல்லாவற்றையும் வரிசையாகப் போடுங்கள். பிறகு வீடியோவைப் பார்த்தால் எது எரியவில்லை என்று தெரிந்துவிடும். முன்பக்கமும் இதேபோல். பிறகு ஃபெயில் ஆன தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, நீங்களே பார்த்த பிறகு டிக் போடுங்கள். மெக்கானிக் சொன்னதற்காக டிக் போட வேண்டாம்.

ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, சாலை வரி, பெர்மிட் எல்லாம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இவை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் இருந்தாலும், ஒரு நகலை வண்டியில் வையுங்கள். நிலுவை செலான் இருந்தால் முடித்துவிடுங்கள்.

சோதனை நாளன்று

ஸ்லாட் சீட்டில் உள்ள இடத்துக்கும் நேரத்துக்கும் போங்கள். வண்டியைக் காலையில் தண்ணீர் அடித்துக் கழுவினால், பிரேக் காய்ந்த பிறகு கொண்டுபோங்கள். நனைந்த டிரம் சரியாகப் பிடிக்காது. பழைய தாளையும் உதிரிபாக பில்களையும் கையில் வைத்திருங்கள். எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் உடனே காட்டலாம்.

மறுபடியும் சான்று மறுக்கப்பட்டு, அது சரியில்லை என்று நீங்கள் உண்மையாகவே நினைத்தால் வழி இருக்கிறது. சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் எழுத்தில் உள்ள காரணம் வேண்டும். வழிமுறை தெரியவில்லை என்றால் முதலியார்பேட்டை 100 அடி சாலையில் உள்ள போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பாஸ் ஆகிவிட்டால், அடுத்த தேதியை அன்றைக்கே போனில் குறித்துவிடுங்கள். 8 ஆண்டுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்துக்கு 2 ஆண்டு, அதைத் தாண்டியதற்கு 1 ஆண்டு. சொந்தக் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கும் 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது சோதனை உண்டு, அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வரும்படி வைத்தால், குறை வந்தாலும் சரிசெய்ய நாள் இருக்கும். வண்டி நிற்காது, வருமானமும் நிற்காது. பின்சீட்டில் உட்காரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் பத்திரமாக வீடு சேரும்.