சர்வர் விழுந்தால் எது திரும்பி வரும்?

2009 டிசம்பரில் ‘கோடிங் ஹாரர்’ என்ற தனிமனித இணையதளம் ஒரே நாளில் காணாமல் போனது. அதை நடத்தியவர் ஜெஃப் ஆட்வுட். நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்க ஓடும் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ தளத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 2004 முதல் அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அந்த இணையதளத்தில்தான் இருந்தன. பேக்கப் எடுக்கும் பொறுப்பு ஹோஸ்டிங் நிறுவனத்துடையது. ஆனால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆட்வுட் தாமாக எடுத்து வைத்திருந்த பேக்கப்போ, விழுந்த அதே சர்வருக்குள் இருந்தது. இத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கே இந்தக் கதி!

கட்டுரைகள் எப்படியோ திரும்பி வந்தன. புதிய தேடுபொறி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த ரிச் ஸ்க்ரென்டா, தம் எந்திரங்கள் ஏற்கெனவே சேகரித்திருந்த பக்கங்களைக் கொடுத்து உதவினார். படங்களைக் கொடுத்தவர் ஒரு வாசகர். தளம் முழுவதையும் அவர் தம் கணினியில் நகலெடுத்து வைத்திருந்தார்.

இப்படி மீள்வது எல்லாருக்கும் வாய்க்காது. ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், உலக இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அதன் ‘வேபேக் மெஷின்’ 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் பழைய பக்கங்கள் கிடைக்கலாம். கூகுளும் முன்பு பக்கங்களின் நகலைக் காட்டிவந்தது. 2024இல் அந்த வசதியை நிறுத்திவிட்டது. ஆனால் இவையெல்லாம் சேமிப்பது வெளித்தோற்றத்தை மட்டுமே. வேர்ட்பிரஸ் போன்றவற்றில் இயங்கும் தளத்தில் பக்கம் என்று ஒன்று முன்கூட்டியே இருப்பதில்லை. தலைப்பு, உள்ளடக்கம், தேதி எல்லாம் தரவுத்தளத்தில் தனித்தனியாகக் கிடக்கின்றன. வாசகர் கேட்கும் நேரத்தில் சர்வர் அவற்றைச் சேர்த்துப் பக்கமாக்கி அனுப்புகிறது. இலையில் விழுந்த தோசையைப் படம் எடுத்துவைத்தால் மாவு திரும்பி வருமா? வெளியிடாத வரைவுகள், கடவுச்சொல் கேட்கும் பக்கங்கள், பயனர் கணக்குகள் எதுவும் ஆர்க்கைவில் இருக்காது.

ஆனால் ஒன்று. தளம் தெரியவில்லை என்பதும் தளம் அழிந்துவிட்டது என்பதும் வேறு வேறு. விடுமுறைக்குப் போன இடத்தில், கையில் செல்போன் மட்டும் இருக்கும்போது, இந்த வேறுபாடுதான் உங்கள் பதற்றத்தைக் குறைக்கும். திரையில் வரும் செய்தியைப் பாருங்கள். முகவரியே கிடைக்கவில்லை என்று வந்தால், டொமைனைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டாலும், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கக்கூடும். ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ இலவசமாகத் தந்துவரும் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள்தான். தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று வந்தாலோ, லாக் கோப்புகள் பெருத்து டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத இடமில்லாமல் தரவுத்தளம் நின்றுவிடுவது அன்றாடம் நடக்கிற கூத்து. இவை எதிலும் உங்கள் எழுத்து அழியவில்லை.

இந்த நேரத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவுவதுதான் ஆபத்து. பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் முதலில் போகிறது; அதன் மேல் வேறு தரவு எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டி அவ்வளவு தாராளம் காட்டாது. அழித்த பகுதியை அது பெரும்பாலும் தானே சீக்கிரம் துடைத்துவிடும்.

பேக்கப் இருக்கிறது என்று நம்பியும் இருந்துவிட முடியாது. மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைப் பாருங்கள். களைத்துப்போன பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளம் என்று எண்ணி மூலத் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் தவறு புரிந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப் எடுக்க ஒன்றுக்கு நான்கைந்து வழிகள் இருந்தும் சமயத்துக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை. பேக்கப் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளப் பதிப்போடு பொருந்தாததால், நாள்தோறும் எடுக்க வேண்டிய நகல் எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே மறுக்கப்பட்டிருந்தன. வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்றுதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நிறுவனங்கள் இப்படி வெளிப்படையாக இருப்பது அபூர்வம், பாராட்ட வேண்டும்.

நகல் இருந்தால் போதாது, தள்ளியும் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முற்றிலும் எரிந்துபோனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள்.

பயணம் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஓடிபி. ஹோஸ்டிங் கணக்கின் ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும். வெளிநாட்டில் ரோமிங் இல்லையென்றால் வராது. பேக்கப் பத்திரமாக இருக்கும், உங்களால்தான் உள்ளே நுழைய முடியாது. குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் செயலிக்கு ரோமிங்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம். அவசரத்துக்கென்று தரும் மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். போன் தொலைந்தாலும் உதவும்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிளம்புவதற்கு முந்தைய வாரம், உங்கள் பேக்கப்பை வேறொரு கணினியில் போட்டுத் தளம் எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிற்கவில்லையென்றால், அதைச் சரிசெய்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.