வீட்டில் கட்டிய காருக்கும் புகைச் சோதனை

பிரிட்டனில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டலாம், சட்டம் தடுக்காது. சட்டகத்தை ஒரு நிறுவனத்திடமும் என்ஜினைப் பழைய கார் ஒன்றிலிருந்தும் வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிச் சேர்க்கலாம். ஆனால், அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் வேண்டுமென்றால் ஐ.வி.ஏ. எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்குகள் என எல்லாவற்றையும் அலசும் அந்தச் சோதனையில், ஆய்வாளர் புகைக்குழாய்க்குள் உறிஞ்சுகுழலை நுழைக்கும் கட்டம் வரும்போது பலருக்கும் வயிற்றைக் கலக்கும்.

இப்படி உதிரித் தொகுப்பாக வாங்கிக் கட்டும் கிட் கார்களுக்கு அங்கே நீண்ட வரலாறு உண்டு. 1957-இல் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற எடை குறைந்த காரைக் கொண்டுவந்தது. முழுதாகக் கட்டிய காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கினால் கிடையாது என்பதால் உதிரித் தொகுப்பு நன்றாக விற்றது. 1973-இல் மதிப்புக்கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதைத் தொகுப்பாக விற்கிறது. இத்தகைய வண்டிகளுக்கான ஒப்புதல் சோதனை 1998-இல் எஸ்.வி.ஏ. என்ற பெயரில் வந்தது. 2009-இல் அதன் இடத்தை ஐ.வி.ஏ. பிடித்தது.

புகைக்கான வரம்பை முடிவு செய்வது காரின் வயதல்ல, என்ஜினின் வயது. 1975 ஆகஸ்டுக்கு முந்தைய என்ஜின் என்றால் கண்ணுக்குத் தெரியும்படி அதிகப் புகை கக்காமல் இருந்தால் போதும். அதற்குப் பின் 1986 ஜூலை வரையிலானவற்றுக்கு ஐடிலிங் நிலையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம். அடுத்த தலைமுறைக்கு 3.5 சதவீதம். இன்றைய பெட்ரோல் என்ஜினுக்கோ வெறும் 0.3 சதவீதம். அதாவது, பதினைந்து மடங்கு இறுக்கம். நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுவரை என்ஜினை ஓடவிட்டால் வரம்பு 0.2 சதவீதமாகச் சுருங்கும். எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகளை எட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது.

கன்வெர்ட்டரின் எஃகு உறைக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 நுண்துளைகள். அவற்றின் சுவர்களில் சொரசொரப்பான அலுமினாப் பூச்சு. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள், எல்லாம் சேர்ந்து சில கிராம். பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனுடன் சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடாக்கும். ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிக்கும். ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, காற்றில் இயல்பாக உள்ள நைட்ரஜனை வெளியே விடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முதல் வேலைக்கு ஆக்சிஜன் தேவை. இரண்டாவது வேலைக்கு ஆக்சிஜன் மிஞ்சி இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க, ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தில் என்ஜின் சுவாசிக்க வேண்டும். அந்த நிலைக்கு ‘லாம்டா 1’ என்று பெயர். சற்றே முன்பின் போனால் கைகொடுப்பது பூச்சில் கலந்துள்ள சீரியம் ஆக்சைடு. விளைச்சல் மிகுந்தபோது குதிரில் கொட்டிவைத்த நெல்லைத் தட்டுப்பாட்டில் எடுத்துப் புழங்குவதுபோல, மிஞ்சிய ஆக்சிஜனை அது பிடித்துவைத்துக் குறையும்போது விடுவிக்கும். விலகல் நீடித்தால் அந்தக் கையிருப்பும் தீர்ந்துவிடும்.

ஆய்வாளரின் கருவி கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரோகார்பன், ஆக்சிஜன் ஆகிய நான்கை அளந்து, அவற்றிலிருந்து லாம்டாவைக் கணக்கிடுகிறது. அது 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனை நேரடியாக அளப்பதே இல்லை. லாம்டா சரியாக இருந்தால்தான் ரோடியத்தால் தன் வேலையைச் செய்ய முடியும் என்பதால், அந்த ஓர் எண்ணே அளக்கப்படாத நஞ்சுக்கும் காவல் நிற்கிறது.

ஆகவே, புது கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிக் குழாயில் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் ஏமாறுவார். கார்புரேட்டரால் இத்தனை துல்லியமாகப் பெட்ரோலை அளந்து ஊற்ற முடியாது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், அது சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி எரிபொருளைத் திருத்தும் கணினி, இன்ஜெக்டர் மூன்றும் சேர்ந்தே இயங்க வேண்டும். பந்தயக் கேம்ஷாஃப்ட் பொருத்தினால் உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் அதிக நேரம் சேர்ந்து திறந்திருக்கும். எரியாத பெட்ரோல் நேரே குழாய்க்குப் போய்விடும். குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று நுழைந்து சென்சாரை ஏமாற்றும். அது ‘காற்று அதிகம்’ என்று சொல்ல, கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

வெப்பமும் ஒரு நிபந்தனை. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் எட்டாதவரை கன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளாது. என்ஜினிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பொருத்தினால் சோதனைக்கு வரிசையில் நிற்கும்போதே ஆறிவிடும். அளவுக்கு மீறி நெருங்கினால் கடும் வெப்பத்தில் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு செயல்திறன் இழக்கும். தேய்ந்த என்ஜின் ஆயிலைக் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்து அதை முடக்கும்.

பழைய எதிரி ஈயம். லாஸ் ஏஞ்சலீஸ் புகைமூட்டத்துக்கு வாகனப் புகை காரணம் என்று கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களில் காட்டினார். பிரான்ஸில் பிறந்த யூஜின் ஹூட்ரி அப்போதே வினையூக்கிக் கருவியை வடிவமைத்தார். ஆனால், ஈயம் கலந்த பெட்ரோல் அதன் பூச்சைப் பாழாக்கியது. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களோடு கன்வெர்ட்டர் பரவியபோது ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு இந்தியப் பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் நடந்ததும் அதுவே.

பிரிட்டனைப் போல என்ஜினின் வயதை வைத்துப் புகையை அளப்பது நியாயமா? பழைய என்ஜினிடம் அதனால் முடியாததைக் கேட்காத விதி என்ற வகையில் நியாயம்தான். ஆனால், நச்சுப்புகையை நிறுத்த வழி தெரிந்த பிறகும், வேண்டுமென்றே பழைய என்ஜினைத் தேடிப் பொருத்துவோருக்கும் அது கதவைத் திறந்துவைக்கிறது. கலிபோர்னியா இந்தச் சலுகைக்கு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறது. தனிப்பட்ட முறையில் கட்டிய வாகனங்களில் ஆண்டுக்கு 500-க்கு மட்டும், உடல்வடிவம் அல்லது என்ஜின் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டின் புகை விதி பொருந்தும். 1965-ஆம் ஆண்டு ‘கோப்ரா’ ஸ்போர்ட்ஸ் காரின் வடிவில் கட்டிய வண்டி 1965-ஆம் ஆண்டு வாகனமாகக் கருதப்படும். எல்லை இட்ட சலுகை என்பதால் இது மேல்.

பிரிட்டனின் கிட் கார் கட்டுவோரில் பலர் அதைவிட நேர்மையான வழியைப் பிடித்துள்ளனர். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஒரே காரிலிருந்து என்ஜின், கணினி, வயரிங், சென்சார்கள், இன்ஜெக்டர்கள், கன்வெர்ட்டர் என அனைத்தையும் பிரிக்காமல் எடுத்து, புதிய சட்டகத்தில் அப்படியே பொருத்துகிறார்கள். தொழிற்சாலை ஒன்றாக வடிவமைத்த கூட்டணி குலையாமல் இருப்பதால், லாம்டா 1-ஐச் சுற்றியே வண்டி ஓடுகிறது. கொட்டகையில் கட்டியவர் சேஸியையும் சஸ்பென்ஷனையும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். புகைக்குழாய் கக்குவதை மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சேர்ந்துதான் சுவாசிக்கிறது.