காணாமல் போன பட்டன்

விண்டோஸ் 8 கடைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே எச்சரிக்கை மணி அடித்தது. அதைக் கேட்க வேண்டியவர்கள் கிளிக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

2012 பிப்ரவரி 29. ஸ்பெயினின் பார்ஸிலோனா நகரில் மைக்ரோஸாஃப்ட் தன் புதிய சரக்கை அவிழ்த்துக் காட்டியது. விண்டோஸ் 8-ன் முன்னோட்டப் பதிப்பு. வேலை இன்னும் முடியவில்லை; ஆனால் இலவசம். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து பார்க்கலாம். ஒரே நாளில் 10 லட்சம் பிரதிகள் இறங்கின.

ஆவலோடு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி உடனே காத்திருந்தது. பழகிய டெஸ்க்டாப்பைக் காணோம். அதற்குப் பதிலாகத் திரை முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். வானிலைக்கு ஒன்று, தபாலுக்கு ஒன்று, புகைப்படத்துக்கு ஒன்று. அந்தக் கூட்டத்தில் டெஸ்க்டாப்பும் ஒரு கட்டமாக ஒண்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டினால் பழைய திரை வந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் வழக்கம்போல இடது கீழ் மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டாவது அதிர்ச்சி. ஸ்டார்ட் பட்டன் இல்லை.

மெஷினை அணைப்பதே ஒரு புதிராகிவிட்டது. மவுஸைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒளிந்திருக்கும் பட்டை ஒன்று எட்டிப்பார்க்கும். அதில் செட்டிங்ஸ், பிறகு பவர், பிறகுதான் ஷட் டவுன். கட்டங்களைத் தட்டினால் திறக்கும் புரோகிராம்கள் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டன. மூடுவதற்கு வழக்கமான பெருக்கல் குறி கிடையாது. திரையின் உச்சியைப் பிடித்து அடிவரை இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த கதவுகளை எல்லாம் அடைத்துவிட்டு, சுவரில் எங்கோ தட்டினால் திறக்கும் என்று சொன்னது போலிருந்தது.

அந்தப் பட்டன் சாதாரணமாகப் பிறந்துவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் விண்டோஸ் 95-ஐ 'சிகாகோ' என்ற ரகசியப் பெயரில் உருவாக்கியபோது, மைக்ரோஸாஃப்ட் சாதாரண மனிதர்களைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தது. 64 கட்டச் சோதனைகள், 560 பேர். முந்தைய விண்டோஸில் ஒரு புரோகிராமைத் திறப்பதற்குள் புதியவர்கள் திணறினார்கள். 'டபுள் கிளிக்' என்பதே பலருக்குக் கைவரவில்லை. ஒரு ஜன்னல் இன்னொன்றுக்குப் பின்னால் மறைந்தால் அது தொலைந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். வடிவமைப்பாளர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். வரைந்ததை அழித்து மறுபடி வரைந்தார்கள். பல வடிவங்கள் தோற்ற பிறகு தேறியதுதான் மூலையில் ஒரே ஒரு பட்டன், அதன் மேல் 'ஸ்டார்ட்' என்ற ஒரே சொல். 1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டை விலைக்கு வாங்கி அந்தச் சொல்லையே விளம்பரமாக்கினார்கள்.

பதினேழு ஆண்டுகள் கோடிக்கணக்கான விரல்கள் பழகிய மூலை அது. அதை ஏன் கை வைத்தார்கள்?

ஒரு காரணம் பயம். 2010-ல் ஆப்பிளின் ஐபேட் வந்தது. விரலால் தொட்டு இயக்கும் அந்தப் பலகை கம்ப்யூட்டர் சந்தையை விழுங்கிவிடும் என்ற கவலை மைக்ரோஸாஃப்டைப் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, விண்டோஸ் 7-ஐ 2009-ல் வெற்றிகரமாகக் கரை சேர்த்தவர். மேஜைக் கம்ப்யூட்டருக்கும் தொடுபலகைக்கும் ஒரே விண்டோஸ் என்று அவர் முடிவெடுத்தார். விரலுக்கு ஏற்றவை பெரிய கட்டங்கள். மவுஸ்காரர்கள் பழகிக்கொள்வார்கள்.

இன்னொரு காரணம் கணக்கு. கம்ப்யூட்டர்கள் தாமாகவே அனுப்பும் உபயோக விவரங்களை மைக்ரோஸாஃப்ட் சேகரித்து வந்தது. 2011 அக்டோபரில் அது தந்த விளக்கத்தின்படி, விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வருவதற்குள் ஸ்டார்ட் மெனுவின் உபயோகம் 11 சதவீதம் குறைந்திருந்தது. 85 சதவீதம் பேர் தங்களுக்கு வேண்டிய மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புரோகிராம்களை டாஸ்க்பாரிலேயே குத்தி வைத்திருந்தார்கள். ஆக, மெனுவின் காலம் முடிகிறது என்று தீர்ப்பாயிற்று.

கணக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் முழுக்கதையையும் சொல்லவில்லை. விவரம் அனுப்பச் சம்மதித்தவர்களின் மெஷின்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வந்தன. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்த வசதியே அணைக்கப்பட்டிருக்கும் என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். தவிர, ஒரு பட்டனை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பதை எண்ணலாம். வழி தெரியாமல் விழித்தவருக்கு அது எவ்வளவு தெம்பு தந்தது என்பதை எண்ண முடியாது. வாசல் கதவை நாளைக்கு இரண்டு முறைதான் திறக்கிறோம் என்பதற்காக யாரும் அதைச் சுவர் வைத்து அடைப்பதில்லை.

எச்சரிக்கைக்கும் பஞ்சமில்லை. 2011 செப்டம்பரில் கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த மாநாட்டில் புரோகிராம் எழுதுபவர்களுக்காக முதல் முன்னோட்டம் வெளியானது. வந்தவர்களுக்கு ஸாம்ஸங் தொடுபலகைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பலகையில் தொட்டுப் பார்த்தவர்கள் வழவழப்பை மெச்சினார்கள். அதே சாஃப்ட்வேரை மவுஸும் கீபோர்டும் உள்ள பழைய கம்ப்யூட்டரில் போட்டவர்கள் முனகினார்கள். அந்தப் பதிப்பில் பட்டன் இருந்தது. அழுத்தினால் கட்டத்திரைதான் வந்தது. கில்லாடிகள் உள்ளே புகுந்து ஒரு எண்ணை மாற்றிப் பழைய மெனுவை வரவழைத்த தந்திரம் வேகமாகப் பரவியது. மக்களுக்கு எது வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. பார்ஸிலோனா பதிப்பு வந்தபோது, முதல் முன்னோட்டத்துக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்திருப்பதாக நிறுவனம் பெருமையாக அறிவித்தது. அந்த மாற்றங்களில் ஒன்று, மிச்சமிருந்த பட்டனையும் எடுத்தது.

நியாயமாகச் சொன்னால், விண்டோஸ் 8-ல் நல்லதும் இருந்தது. மெஷின் வேகமாக உயிர்பெற்றது. பழைய கம்ப்யூட்டரிலும் சுறுசுறுப்பாக ஓடியது. பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது நடுவில் நிறுத்தி வைத்துத் தொடர முடிந்தது. ஆனால் இந்தியா போன்ற நாட்டில், உதிரி பாகங்களை வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரில் மவுஸ் பிடித்து வேலை பார்ப்பவருக்குத் தொடுதிரையின் லாபம் எதுவும் இல்லை. நஷ்டம் மட்டுமே மிச்சம்.

புகார்களுக்குக் கிடைத்த பதில் ஒரு பாடம். 2012 அக்டோபர் 26-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் 8, முதல் முறை நுழையும்போது மவுஸை மூலைக்கு நகர்த்தும்படி படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. அடுத்த மாதமே, உபயோக எளிமைத் துறையின் பிரபல நிபுணர் யாகோப் நீல்ஸன், அனுபவசாலிகளான 12 பேரை வைத்துச் சோதித்தார். புதியவர், பழகியவர் இருவருக்குமே ஏமாற்றம் என்பது அவர் முடிவு. புரோகிராம்கள் முழுத்திரையையும் அடைப்பதால், 'ஜன்னல்கள்' என்ற பன்மைப் பெயரை 'ஜன்னல்' என்று ஒருமையாக்கிவிடலாம் என்றும் குத்தினார். அதே நவம்பரில் சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பழைய மெனுவை மீட்டுத் தரும் 'ஸ்டார்ட்8' என்ற சின்ன சாஃப்ட்வேரை ஐந்து டாலருக்கு விற்றது ஸ்டார்டாக் என்ற நிறுவனம்.

2013-ன் முதல் மூன்று மாதங்களில் உலகக் கம்ப்யூட்டர் விற்பனை முந்தைய ஆண்டைவிட 13.9 சதவீதம் சரிந்ததாக ஐ.டி.சி. ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. செல்போன்களும் தொடுபலகைகளும் காரணம்தான். ஆனால் விண்டோஸ் 8-ம் சந்தையைத் தூக்கிவிடுவதற்குப் பதிலாகப் பின்னுக்கு இழுத்தது என்று அது பச்சையாகவே சொன்னது.

பிறகு நடந்தது படிப்படியான பின்வாங்கல். 2013 அக்டோபரில் வந்த 8.1-ல் பட்டன் திரும்பியது. ஆனால் அழுத்தினால் மறுபடி கட்டத்திரை. ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் தலைமைப் பொறுப்பேற்றார். ஏப்ரலில் மெனுவே திரும்பி வருகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-ல் பட்டனும் மெனுவும் பழைய இடத்தில் உட்கார்ந்தன. இந்த முறை முன்னோட்டம் ஒன்பது மாதங்களுக்கு மேல் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் குறை சொல்லச் சொல்ல, பதிப்புகள் மாறிக்கொண்டே வந்தன.

2021-ல் விண்டோஸ் 11 பட்டனை டாஸ்க்பாரின் நடுவுக்கு நகர்த்தியது. மறுபடியும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் செட்டிங்ஸில் ஒரு தேர்வையும் மறக்காமல் வைத்திருந்தார்கள். வேண்டாதவர்கள் பட்டனை இடது மூலைக்கே கொண்டுபோய்விடலாம்.